பாசி படிந்த சுவர் என்னும் சோம்பல்

தமிழ்ச் சிறுகதையில் ஒரு பழைய வீடு வந்துவிட்டால் அதன் மதிலில் பாசி படிந்திருந்தே ஆகவேண்டும். இது எழுதப்படாத விதி. குளத்துப் படிக்கட்டென்றால் பாசி. கைவிடப்பட்ட கோயிலென்றால் பாசி. நொடித்துப்போன குடும்பமென்றால் கிணற்றுச் சுவரில் பாசி. காலம் கடந்துவிட்டது, பெருமை போய்விட்டது, கவனிப்பாரில்லை என்று மூன்று வாக்கியங்களில் சொல்லவேண்டியதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. சொல்லிவிடுகிறதே என்பதுதான் எங்கள் புகார். சித்திரை வெயிலில் நாள் முழுதும் காயும் சுண்ணாம்பு மதிலில் பச்சைப் பாசி எப்படி நிற்கும் என்று எழுதியவர் கேட்டதில்லை. வாசித்த நாமும் கேட்டதில்லை. அந்த மதிலில் சாம்பல் வட்டங்கள் இருந்திருக்கும். வெண்ணிறத் தழும்புகள் இருந்திருக்கும். மழைநீர் வழிந்த தடத்தில் கறுப்புக் கோடுகள் இருந்திருக்கும். கறுப்புக் கோடு பெரும்பாலும் நீலப்பச்சை நுண்ணுயிர்களின் வேலை. சாம்பல் வட்டமும் வெண்தழும்பும் பல இடங்களில் லைக்கன். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் பூசி மெழுகிவிட்டு அடுத்த பத்தியில் பாட்டியின் இருமலுக்குப் போய்விடுகிறோம்.

இங்கே எழுதும் எங்களில் சிலர் சில ஆண்டுகளாக மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மரங்களிலும் சுவர்களிலும் லைக்கன்களைத் தேடிப் படமெடுத்து வருகிறோம். இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்களிடம் முதலில் ஒரு புன்னகை எழும். பிறகு, ‘இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பார்கள். கொஞ்சம் நெருக்கமானவர்கள், ‘வெள்ளைக்காரப் பாதிரியார்கள் செய்துகொண்டிருந்த வேலை இது, உங்களுக்கு எதற்கு?’ என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள், ‘சென்னையில் இதெல்லாம் ஏது? ஊட்டிக்குப் போங்கள்’ என்பார்கள். இக்கட்டுரை அந்த நண்பர்களுக்கான பதில். கோபம் தொனித்தால் பொறுத்துக்கொள்ளவும். பல நாள் சேர்த்துவைத்தது.

லைக்கன் என்பது ஒரு தனி உயிரின் பெயரன்று, ஒரு குடித்தனத்தின் பெயர். பூஞ்சை ஒன்று தன் இழைகளால் வீட்டைக் கட்டுகிறது. அதற்குள் குடியேறிய பாசியோ நீலப்பச்சை நுண்ணுயிரோ வெயிலைக் கொண்டு உணவு ஆக்குகிறது. வேர் கிடையாது. தாங்கிநிற்கும் மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதும் கிடையாது. மழையும் பனியும் தூசியும் கொண்டுவருவதே உணவு. 1867-இல் ஸ்விட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இது ஈருயிர்க் கூட்டு என்று சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்று எள்ளினார்கள். எள்ளியவர்களில் ஒருவர் வில்லியம் நைலாண்டர். அதற்கு ஓராண்டு முன்பு, 1866-இல், பாரிஸ் நகரத்து லக்ஸம்பர்க் தோட்டத்து லைக்கன்களை ஆராய்ந்து, இவற்றைக் கொண்டு ஒரு நகரத்தின் காற்றை அளக்கலாம் என்று எழுதிய அதே நைலாண்டர். ஒரு நகரத்தின் மரப்பட்டையை அவ்வளவு நுட்பமாக வாசித்தவருக்கு, வாசித்த எழுத்து இருவர் சேர்ந்து எழுதியது என்பதை ஏற்க மனம் வரவில்லை. 2016-இல் டோபி ஸ்பிரிபில் என்பவரும் அவருடைய சகாக்களும் பல லைக்கன்களின் மேற்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டும் குடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். கூட்டுக்குடும்பத்தில் இன்னும் யார் யார் என்ற விசாரணை முடிந்தபாடில்லை. ‘பிரதி’, ‘ஆசிரியரின் மரணம்’ என்று இருபது வருடம் பேசிய நம் சிற்றிதழ்ச் சூழலுக்கு இதைவிடச் சுவையான பொருள் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. யாரும் தொடவில்லை.

இது நமக்கு அந்நியமான பொருள் என்பவர்களை முதலில் மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடைக்கு அழைத்துப்போக விரும்புகிறோம். கல்பாசி கேளுங்கள். ஒருபுறம் கறுத்தும் மறுபுறம் வெளிறியும், கிழிந்த காகிதம்போல் சுருண்டு, மண்வாசனையோடு ஒரு பொருளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். சிலர் கடல்பாசி என்றும் சொல்வார்கள். கடலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது லைக்கன். பார்மோட்ரீமா என்னும் பேரினத்தையும் அதன் உறவுகளையும் சேர்ந்தது. செட்டிநாட்டுக் குழம்பில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, இலவங்கம், அன்னாசிப்பூவோடு போடுவது இதைத்தான். கலைத்துப் பார்த்தால் ஒரே பொட்டலத்தில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும். அடியில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பெயரில் கல் இருந்தாலும் சேகரித்தவர் அதைப் பெரும்பாலும் மரத்திலிருந்தே உரித்திருக்கிறார். மலைக்காட்டில் மரமேறி உரித்தவர், மூட்டை கட்டி விற்றவர், கடைக்காரர், சமைத்தவர் எல்லோருக்கும் இந்தப் பொருள் தெரியும். உண்ட நாம்தான் அதைப் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளும் இந்தக் குடும்பம்தான். ரொக்செல்லா என்ற லைக்கனிலிருந்து அந்தச் சாயத்தை எடுத்தார்கள். அதன் ஓர் இனம் நம் கிழக்குக் கரையோர மரங்களில் வளர்கிறது. குளித்தலையில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரி, வால்டேரில் பேராசிரியராக இருந்தபோது, 1940களில் இந்திய லைக்கன்களின் வேதிப்பொருள்களைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். வெள்ளைக்காரப் பாதிரியார் கதையும் உண்டுதான். செம்பகனூரில் இருந்த இயேசுசபைப் பாதிரியார் ஃபோரோ பழனிமலையின் பாசிகளையும் லைக்கன்களையும் சேகரித்தார். அவர் தொகுத்த பழனிமலைப் பாசிகள் பற்றிய நெடிய பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. அவர் பாதிரியாராக இருந்தார் என்பதால் பழனிமலை அவருடையதாகிவிடுமா? குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். நாமும் குனியலாம், யாரும் தடுக்கவில்லை.

‘சென்னையில் ஏது?’ என்ற கேள்விக்கு எங்கள் பதிலைவிட நல்ல பதில் அச்சில் இருக்கிறது. பாலாஜி, ஹரிஹரன் என்ற இரு ஆய்வாளர்கள் கிண்டி தேசியப் பூங்காவின் உலர் பசுமைமாறாக் காட்டில் லைக்கன்களின் வகைகளையும் அவை பரவியிருக்கும் விதத்தையும் ஆராய்ந்து, 2004-இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் வெளியிட்டார்கள். சர்தார் பட்டேல் சாலையில் பேருந்துக்கு நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காடு அது. இந்தியாவில் ஏறத்தாழ 3,000 லைக்கன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பங்கு நம் நகரத்து வேலிக்கு உள்ளே இருக்கிறது என்ற செய்தி, நாங்கள் படிக்கும் தமிழ் இதழ் எதிலும் ஒரு துணுக்காகக்கூட வந்து நாங்கள் கண்டதில்லை. கிண்டி மான்களைப் பற்றிக் கவிதைகள் வந்திருக்கின்றன. மான் ஓடும், கவிதைக்கு வசதி.

நம் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஐந்திணை மரபு நம்முடையது, குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். குறுந்தொகை 399-இல் பரணர் பசலைக்கு ஊர்க்கேணியின் பாசியை உவமையாக்கினார். தொட்ட இடத்தில் விலகுவதும் விட்ட இடத்தில் பரவுவதும் இரண்டுக்கும் பொது என்றார். அது உவமை ஆவதற்கு முன் ஒரு கவனிப்பு. யாரோ ஒருவர் தண்ணீரில் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கையை நாம் விட்டுவிட்டோம். உவமையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருடமாகப் பெருமை பேசுகிறோம். இன்றைய கதைகளில் வரும் ‘பெயர் தெரியாத பறவை’யும் ‘ஏதோ ஒரு காட்டுப்பூ’வும் ‘பாசி படிந்த சுவரும்’ அந்தப் பெருமையின் பேரப்பிள்ளைகள். பெயர் தெரியாதது குற்றமில்லை. தெரியாமையை ஒரு மர்மமாக்கி அழகு சேர்ப்பதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

விதிவிலக்கு இருந்தது, அதுவும் மயிலாப்பூரிலேயே. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1996-இல் காலமாகும்வரை, ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இடையறாது பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார். கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே அமைத்துக்கொண்ட ஒரு காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டிரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன், சூழலியலைத் தமிழில் எழுதுவதென்றால் முதலில் சொற்களைத் தேடவேண்டும் என்று அவரும் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் மூத்தவர்கள் அடையாறு முகத்துவாரத்தில் பறவை எண்ணியிருக்கிறார்கள். ஆக, இந்நகரத்தில் அமெச்சூர் மரபு ஒன்று உண்டு. அமெச்சூர் என்றால் அரைகுறை என்று பொருள்கொள்வது வேறெங்காவது செல்லும். பகலில் வங்கியிலும் ஏஜீஸ் ஆபீசிலும் கணக்கெழுதிவிட்டு மாலையில் சபா மேடையேறியவர்களைக் கொண்டாடிய மயிலாப்பூரில் செல்லாது. கிருஷ்ணனின் வாசகர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இலக்கியக்காரர்கள் அவருடைய நடையைப் புகழ்கிறார்கள். அவர் கைக்கொண்ட பழக்கத்தை, அதாவது நாள், இடம், ஒளி குறித்துவைத்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதை, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது எதைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். மலைக்காடுகளில் தொங்கும் தாடிபோன்ற லைக்கன்களைச் சென்னையில் தேடினால் ஏமாற்றமே. இங்குள்ளவை பெரும்பாலும் பட்டையோடு பட்டையாக ஒட்டிய மேலோட்டு வகைகள். சில இடங்களில் சிற்றிலை வகைகள். பட்டை உரிக்கும் மரங்களான கொய்யாவிலும் நீர்மருதிலும் அவை நிலைப்பது அரிது. மாவிலும் தென்னையிலும் பார்க்கலாம். தென்னந்தண்டில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் தெரியும் வெளிறிய வட்டத்தைப் பறவை எச்சம் என்றே எல்லோரும் கடந்துபோகிறார்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லூப் ஒன்று போதும். தியாகராய நகரில் அதற்கு என்ன பஞ்சம்? அதை வைத்துப் பார்த்தால் அந்த வெண்மையின் மேல் கரிய புள்ளிகள், அல்லது கோடுகள். கோடுகள் என்றால் வளைந்து, கிளைத்து, முறிந்து, பக்கத்திலொன்று ஒட்டி, அச்சு அசலாக ஒரு கையெழுத்து. கிராஃபிஸ் என்று அதற்குப் பெயர். எழுதுதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கோடுகள் அந்தப் பூஞ்சையின் வித்துகள் உருவாகும் வாய்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்தில் சுவடிகளைக் காப்பதற்கு நாம் எவ்வளவு மெனக்கெடுகிறோம். வெளியே மரத்தில் எழுதியிருப்பதை வாசிக்க ஒரு லூப்புக்குக்கூட வழியில்லையா? இதைக் கேட்டால் கொஞ்சம் மிகையாக இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறோம்.

கோடையில் இவை செத்ததுபோல் இருக்கும், சாம்பல் பூத்து. ஐப்பசி மழை விழுந்த முதல் நாள் போய்ப் பாருங்கள். மேற்தோல் நீரூறிக் கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் பாசி பச்சையாகத் தெரியவரும். மழைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலிலிருந்து சில துளி தெளித்தால் ஒரு நிமிடத்தில் நிறம் மாறுவதைக் காணலாம். தெளிப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இந்த இரண்டு படங்களைக் காட்டியபோதுதான் எங்கள் நண்பர்களில் மிகவும் அவநம்பிக்கையான ஒருவர் வாயடைத்துப்போனார். இன்னொரு வேடிக்கை, கள்ளநோட்டுச் சோதிக்க விற்கும் புற ஊதா டார்ச். தென்னையைத் தன் பெயரிலேயே சுமக்கும் பிக்ஸின் கோகோயிஸ் என்ற சாம்பல்நிற லைக்கன் அந்த ஒளியில் மஞ்சளாக ஒளிரும். அதன் தோலில் இருக்கும் ஒரு வேதிப்பொருளின் குணம் அது. இரவில் அடையாற்றுத் தெருவொன்றில் தென்னைமரத்தைச் சுற்றி டார்ச் அடித்துக்கொண்டிருந்த எங்களிடம் ஒரு வாட்ச்மேன், ‘என்ன சார், தேளா?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தேளும் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

படமெடுப்பது பற்றியும் ஒரு சண்டை இருக்கிறது. மார்கழியானால் மாடவீதிகளில் காமிராக்கள் குவிகின்றன. கோலம், தாவணி, கோபுரத்தின் மேல் மூடுபனி. அவற்றுக்கிடையில் அவ்வப்போது ‘மாக்ரோ’ கலைஞர்களும் வருகிறார்கள். மரப்பட்டையை நெருங்கி எடுத்து, வண்ணத்தைக் கூட்டி, ‘காலத்தின் ஓவியம்’ என்று தலைப்பிடுவார்கள். எந்த மரம்? எந்தத் தெரு? எந்த நாள்? பக்கத்தில் ஓர் அளவுகோல்கூட இல்லாததால் அது கட்டைவிரல் அளவா கதவு அளவா என்று தெரியாது. கதையில் வரும் பாசி படிந்த சுவரின் புகைப்பட வடிவம் இது. லென்ஸின் விலை உயர்ந்தது, சோம்பல் அதேதான். ஒரு லைக்கன் படம் பயன்பட வேண்டுமானால் அதோடு மரத்தின் பெயர், தண்டில் எந்தத் திசை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், நாள், அளவுகோல் எல்லாம் வேண்டும். காமிரா எதுவானாலும் சரி. கைப்பேசியின் முன் லூப்பைப் பிடித்து எடுத்த படங்களே எங்களிடம் பாதிக்குமேல். அதே இடத்துக்கு அடுத்த ஆண்டு திரும்பிப் போய் அதே கோணத்தில் எடுக்கவேண்டும். மேலோட்டு லைக்கன்கள் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான் வளரும். பொறுமைக்கு இதைவிடக் கறாரான ஆசான் கிடையாது.

இனத்தின் பெயரைப் படத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்ற ஆசையும் விடவேண்டியது. பெரும்பாலான மேலோட்டு லைக்கன்களுக்கு வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்து, வேதிச்சோதனை செய்தால்தான் இனம் உறுதியாகும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் நாங்கள் இடும் படங்கள் பல பேரினப் பெயரோடு நின்றுவிடுகின்றன. நிற்கட்டும். ‘கிராஃபிஸ், இனம் தெரியவில்லை, மாமரம், மந்தைவெளி, வடக்குப் பக்கம்’ என்பது ‘பெயர் தெரியாத பாசி’யைவிட எவ்வளவோ மேல். முன்னதில் தெரியாமைக்கு ஓர் எல்லை இருக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது நகரத்தின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் பேரழிவு. அடுத்த நாள்களில் தெருவெங்கும் கிளைகள். நடக்கவே வழியில்லாத அந்த வாரத்தில் எங்களில் இருவர் செய்தது பிறர் கண்ணுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும்: விழுந்த மரங்களின் உச்சிக்கிளைகளைப் படமெடுத்தார்கள். தரையில் நிற்கிறவன் ஒருபோதும் காணாத பகுதி அது. அடித்தண்டில் வெறும் தூசியாக இருந்த தூங்குமூஞ்சி மரத்தின் மேல்கிளையில், வெயிலும் காற்றும் படும் பக்கத்தில், விரல்நகம் அளவில் வட்டம் வட்டமாக லைக்கன்கள். வழி விடவேண்டுமே, சில நாளில் அறுத்து அகற்றினார்கள். அகற்றியதில் தவறில்லை. நகரத்தின் முக்கால்வாசி நம் தலைக்குமேல் வாழ்கிறது என்பதைப் பார்க்க ஒரு புயல் தேவைப்பட்டது.

தியாகராய நகரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை; மரங்களில் பெரும்பாலானவை அதன்பின் நட்டவை. பனகல் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்குப் போனது. கடைத்தெரு மரங்களில் ஆணி, விளம்பரப் பலகை, சீரியல் விளக்கு. மீதியிடத்தில் தூசி. தூசிக்கடியில் தேடினால் அங்கும் சில வட்டங்கள் கிடைத்தன என்பதே எங்களுக்கு வியப்பு.

அந்த வியப்பை வைத்து ஒரு தவறான முடிவுக்கும் வரக்கூடாது. லைக்கன் இருந்தால் காற்று தூய்மை என்றொரு வாட்ஸ்அப் ஞானம் சுற்றுகிறது. நைலாண்டர் அப்படிச் சொல்லவில்லை. 1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் இங்கிலாந்து, வேல்ஸ் மரங்களை வைத்து வகுத்த அளவுகோலும் அப்படிச் சொல்லவில்லை. எந்த லைக்கன் இருக்கிறது, எது இல்லை, எது போய்விட்டது என்பதுதான் கணக்கு. மேலே சொன்ன பிக்ஸின், மாசைத் தாங்கும் வகை. அது செழித்திருந்தால் மகிழ ஒன்றுமில்லை. ஒரு மரத்தில் இருபது ஆண்டுக்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய நிலைக்குப் பொருள் உண்டு. அந்தப் பழைய பதிவு நம்மிடம் இல்லை. ‘பாசி படிந்த’ என்ற பெயரடைக்குப் பதில் யாராவது ஒரு எழுத்தாளர் 1950-இல் லஸ்ஸிலோ சாந்தோமிலோ ஒரு மதிலை ஒழுங்காகப் பார்த்து நாலு வரி எழுதியிருந்தால், இன்று அது ஆவணம்.

சொல் விவகாரத்துக்கு வருவோம். பள்ளிப் பாடநூல் ‘லைக்கன்கள்’ என்கிறது. தூய தமிழ் அன்பர்களுக்கு இது உறுத்துகிறது. பூஞ்சைப்பாசி, மரப்பாசி என்று ஆளுக்கொன்று ஆக்கித் தருகிறார்கள். ஆக்கட்டும். ஆனால் ‘பாசி’ என்பதை முதன்மைச் சொல்லாக்கினால் குடித்தனத்தின் பெரிய பங்காளியான பூஞ்சை காணாமல் போய்விடும். அறிவியலில் லைக்கனின் பெயர் பூஞ்சையின் பெயரே. கிரேக்கர்களும் நம்மைவிட ஒழுங்கில்லை. லைக்கன் என்பது அவர்களிடம் தோலில் படரும் சொறிக்கும் பெயர். இன்றும் தோல்மருத்துவர் சீட்டில் ‘லைக்கன் பிளானஸ்’ என்று எழுதுகிறார். நம் தெருவில் ‘மரத்துக்குத் தேமல்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம், அதே பார்வை. எங்கள் நிலைப்பாடு எளியது. உண்ணும் வகைக்குக் கல்பாசி என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம். மொத்த வகைக்கு லைக்கன் போதும். காப்பியையும் பஸ்ஸையும் ஏற்ற நாவுக்கு இது பாரமில்லை. பேரகராதிக் குழு கூடும்வரை பெயரின்றி இருக்க அவற்றுக்கு நேரமில்லை.

நேரமில்லை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மந்தைவெளியில் ஒரு மாமரம். அதன் தண்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கிராஃபிஸ். நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு இருமுறை, ஒரே கோணத்தில் படமெடுத்தோம். ஐந்தாம் ஆண்டு போனபோது மரத்துக்கு அரையாள் உயரம் சுண்ணாம்பு, மேலே ஒரு சாண் காவி, அதற்குமேல் மறுபடி சுண்ணாம்பு. யாரோ ஒரு பெரியவர் அத்தெருவழியே போகிறார் என்பதற்காக நடந்த அலங்காரம் என்றார்கள். செய்தவர் யார் என்று விசாரிப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. கூலிக்கு வந்தவர் சொன்னதைச் செய்தார். சொல்லவைத்த அழகுணர்ச்சிதான் எங்கள் எதிரி. இரவில் ஒளிபட்டுத் தெரிவதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டை அடிப்பதைப் புரிந்துகொள்ளலாம். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமுடியாத, பத்தடிக்கொரு விளக்கெரியும் தெருவில் எதற்கு? கரையானுக்கு என்பார்கள். கரையானைத் தடுக்கக் காவிக்கோடு எதற்கு?

மரப்பட்டை தானாக இருந்தால் அழுக்கு, வண்ணம் பூசினால் சுத்தம் என்று நம்பும் அந்தக் கண் எங்கிருந்து வந்தது? வெள்ளைத் தழும்பைக் கண்டால் நோயென்றும் கறுப்பைக் கண்டால் பாழென்றும் நமக்குச் சொல்லித்தந்தவற்றில் நம் கதைகளும் உண்டு என்பதே எங்கள் குற்றச்சாட்டு. எழுத்தில் எது சிதைவின் குறியாகவே திரும்பத் திரும்ப வருகிறதோ, அதைச் சுரண்டி எறிவது திருப்பணி ஆகிவிடுகிறது. கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் ‘சுத்தம்’ செய்ததை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. உளிபட்ட கல்லின் மேற்தோலே அதில் போயிற்று. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. லைக்கன் கல்லை அரிக்கும். அதன் அமிலமும் இழைகளும் கல்லுக்குள் இறங்கும். ஒரு கல்வெட்டின் மேல் அது படர்ந்திருந்தால் கல்வெட்டு அறிஞர் அதை நீக்கச் சொல்வார், நாங்கள் வழக்காடமாட்டோம். மெதுவாக, தெரிந்தவர் மேற்பார்வையில், மென்தூரிகையால் நீக்கட்டும். கல்வெட்டே இல்லாத குளத்துப் படிக்கும் தெருவோர மரத்துக்கும் அந்த வாதத்தைக் கொண்டுவரவேண்டாம் என்பதே வேண்டுகோள்.

இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்ட நண்பருக்கு இதற்குமேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அவருடைய அடுத்த கதையில் ஒரு பழைய மதில் வரும் என்று நிச்சயமாக நம்புகிறோம். எழுதுமுன் ஒரே ஒருமுறை வெளியே போய் ஏதாவது ஒரு மதிலின் முன் கால்மணி நேரம் நிற்கட்டும். ஈரமா காய்ந்ததா, வெயில் எந்தப் பக்கம், சாம்பலா கறுப்பா ஆரஞ்சா, விரலால் தொட்டால் உரிகிறதா ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும். அதன்பிறகும் ‘பாசி படிந்த’ என்றே எழுத மனம் வந்தால் எழுதிக்கொள்ளட்டும். அப்போது அது பாசியாக இருக்க வாய்ப்புண்டு.

வரும் ஐப்பசியில், முதல் மழை பெய்து ஓய்ந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலிலிருந்து நடக்கத் தொடங்குகிறோம். மந்தைவெளி வழியாக அடையாற்றுப் பாலம் வரை. வருகிறவர்கள் ஒரு லூப், ஒரு சிறிய உலோக அளவுகோல், ஒரு குறிப்பேடு கொண்டுவரவும். கத்தி வேண்டாம், நாங்கள் எதையும் சுரண்டுவதில்லை. தண்ணீர் பாட்டில் எங்களிடம் இருக்கும்.